கால்பந்து கேள்வி-பதில்: நன்றாக ஆடிய விங்கர் ஏன் திடீரென்று தடுமாறுகிறான்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விங்கர்களை, அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குகிற ஆட்டக்காரர்களைப் பற்றியவை. பயிற்சியாளர், அம்மா, ஆடுகிற பையன், ராத்திரி கண்விழித்து ஐரோப்பிய மாட்ச் பார்க்கிறவர் என்று எல்லோரும் ஒரே கவலையை ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதையே முழுக்கப் பேசிவிடலாம்.

பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் லெஃப்ட் விங்கர் பத்தாம் வகுப்புப் பையன். பயிற்சியில் யாராலும் பிடிக்க முடியாது. மாட்ச் என்று வந்தால் பந்து காலில் பட்டதும் போய்விடுகிறது. கூட ஆடும் பையன்களே “அவனுக்குக் கொடுக்காதே” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்துவிடலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், கன்னியாகுமரி மாவட்டம்

எடுத்துவிடாதீர்கள் சார், இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

“அவனுக்குக் கொடுக்காதே” என்று படித்ததும் எனக்கு 2020 அக்டோபர் 27 நினைவுக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் மொன்ஷன்கிளாட்பாக் அணிக்கு எதிராக ரியல் மாட்ரிட், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு மாட்ச் ஆடிக்கொண்டிருந்தது. இடைவேளை நேரத்தில் கரீம் பென்சிமா சக வீரர் ஃபெர்லான்ட் மெண்டியிடம் பிரெஞ்சில் பேசியது கேமராவில் சிக்கிவிட்டது. அவனுக்குப் பந்து கொடுக்காதே, அவன் நமக்கு எதிராகத்தான் ஆடுகிறான் என்பது அதன் பொருள். அந்த ‘அவன்’ வினிசியஸ் ஜூனியர். அப்போது 20 வயது. பிரேசிலின் ஃபிளமெங்கோவிலிருந்து சுமார் 4.5 கோடி யூரோ கொடுத்து வாங்கப்பட்டு, 18 வயதில் ஸ்பெயினுக்கு வந்து இறங்கிய பையன். ஆளைத் தாண்டுவார், கோல் முன்னால் போய் நிற்பார், அப்புறம் பந்தை எங்கேயோ அடிப்பார். 2020-21 சீசன் முழுக்க எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 6 கோல்தான். ஊரே சிரித்தது.

அடுத்த சீசனில் அதே பையன் 22 கோல் போட்டார். 2022 மே 28, பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, லிவர்பூலுக்கு எதிராக 59-ஆவது நிமிடத்தில் விழுந்த ஒரே கோலும் அவருடையது. வால்வெர்டே வலது பக்கத்திலிருந்து தரையோடு அடித்த பந்து கோல் முகத்தைக் கடந்து வந்தது, தூரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் வினிசியஸ் தனியாக நின்றார், ஒரே தொடுதல், உள்ளே. பென்சிமாவும் அவரும் அந்த வருஷம் பிரிக்க முடியாத ஜோடி.

நடுவில் என்ன நடந்தது? 2021 கோடையில் கார்லோ அன்செலோட்டி பயிற்சியாளராக வந்தார். வினிசியஸின் வேகத்தையோ ஆளை ஏமாற்றித் தாண்டும் டாட்ஜையோ அவர் தொடவே இல்லை, அதெல்லாம் முதலிலேயே இருந்ததுதான். பெனால்டி பாக்ஸுக்குள் போனால் ஒன்று அல்லது இரண்டு தொடுதலில் முடித்துவிடு, நாலைந்து முறை தொட்டால் கோல் வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னார், அவ்வளவுதான். இருபது விஷயம் சொல்லவில்லை பாருங்கள், ஒன்றுதான். தடுமாறுகிற பையனின் தலைக்குள் ஏற்கெனவே நாலு குரல் கேட்டுக்கொண்டிருக்கும், நாம் போய் ஐந்தாவது குரலாகக் கத்தினால் அவனுக்குக் கால் எழும்பாது. சீசன் தொடக்கத்தில் அவரை நேரே முதலில் இறங்கும் பதினொரு பேரில் போடவும் இல்லை. லெவாண்டேவுக்கு எதிரான மாட்சில் மாற்று ஆளாக இறக்கினார், அணி பின்தங்கியிருந்தது, களைத்துப்போன டிஃபெண்டர்கள் எதிரில். வினிசியஸ் இரண்டு கோல் போட்டு மாட்சை 3-3 என்று முடித்துவைத்தார். அதற்கு அடுத்த மாட்சில் முதலிலிருந்தே ஆடினார்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். அவனைத் திருத்துவதற்கு முன்னால் அவனிடம் பந்து எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், தடுமாறுகிற விங்கர் விஷயத்தில் பத்துக்கு ஏழு முறை கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நான் 16 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றோடு இருந்தபோது இதே மாதிரி ஒரு பையன் இருந்தான். ஒரு மாட்சில் நான் கத்துவதை நிறுத்திவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்துக் கோட்டோரம் போய் உட்கார்ந்தேன். அவனுக்கு வரும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போட்டேன்: கோலுக்கு முதுகு காட்டி வாங்கினானா, பக்கவாட்டில் திரும்பி வாங்கினானா, ஓடிக்கொண்டே வாங்கினானா. முதல் பாதியில் 11 பந்து. அதில் 8 முதுகு காட்டி வாங்கியவை. அவன் குதிகால் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நிற்கிறது, பூட்ஸின் பின்பக்கம் வெள்ளையாகிவிட்டது, லெஃப்ட் பேக்கிடமிருந்து (இடது ஓரத் தடுப்பாட்டக்காரன்) பந்து முழங்கால் உயரத்துக்குத் துள்ளித் துள்ளி வருகிறது, எதிரணி ரைட் பேக் அவன் முதுகில் மார்பை ஒட்டி வைத்திருக்கிறான். பின்னால் ஆள், பக்கத்தில் கோடு, காலில் அடங்காத பந்து. அந்த இடத்தில் எவ்வளவு பெரிய ஆளை நிறுத்தினாலும் பந்து போகத்தான் செய்யும்.

நாங்கள் விங்கரை விட்டுவிட்டு முதலில் லெஃப்ட் பேக்கோடு வேலை பார்த்தோம். பந்தைப் பிடித்து நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கொடுக்காதே, வந்ததும் இரண்டாவது தொடுதலில் கொடு, தரையோடு கொடு, எதிரணி கோலுக்குப் பக்கமாக இருக்கிற காலுக்குக் கொடு. விங்கருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார், பார்த்துவிட்டு இடுப்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு வாங்கு. நடுக்களப் பையன் ஒருவன் பத்தடி தள்ளி வந்து நிற்க வேண்டும், மாட்டிக்கொண்டால் அவனுக்குத் தட்டிவிட. மூன்று வாரம் பயிற்சியில் வேறு எதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம். நாலாவது வாரம் நோட்டில் கோடுகள் இடம் மாறியிருந்தன. அந்தப் பையன் அதற்கப்புறமும் பந்தை இழந்தான், ஆனால் ஆளைத் தாண்டப் பார்த்து இழந்தான். அப்படி இழப்பது விங்கரின் வேலையோடு சேர்ந்தது, அதற்குத் திட்டாதீர்கள்.

பிறகு, “கொடுக்காதே” என்று அதிகமாகக் கத்துகிற பையன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவனையும் இவனையும் ஜோடியாக்கி தினமும் பத்து நிமிஷம் ஒன்-டூ (பந்தைக் கொடுத்துவிட்டு ஓடி உடனே திரும்ப வாங்குவது) ஆட விடுங்கள். பென்சிமா பிறகு தானாகவே இடது பக்கம் நகர்ந்து வந்து வினிசியஸோடு பந்தை மாற்றி மாற்றி ஆடினார். இருவரும் நெருக்கமானது அந்த ஆட்டத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

பார்சிலோனாவில் கேலிக்கு ஆளான டெம்பேலே பாரிஸின் பி.எஸ்.ஜி-க்குப் போய், உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கிவிட்டார். எல்லாம் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே செய்த மாயமா?
– கல்லூரி மாணவர், மதுரை

மாயம் என்று சொன்னால் டெம்பேலேவுக்கும் அநியாயம், பார்சிலோனாவுக்கும் கொஞ்சம் அநியாயம்.

2017-இல் நெய்மார் போன கையோடு 10.5 கோடி யூரோவும் அதற்கு மேலும் கொடுத்து டெம்பேலேயை வாங்கினார்கள். வயது 20. செப்டம்பர் 16, கெட்டாஃபே மைதானத்தில் லீக்கில் முதல்முறையாகப் பதினொன்றில் இறங்குகிறார். ஓரத்தில் வெளியே போகப்போன பந்தைக் குதிகாலால் தட்டி உள்ளே வைக்கப் பார்த்தார், தொடையின் பின்தசை நார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. 2020-இல் இன்னொரு காலில் அதே இடத்தில் மறுபடி அறுவை சிகிச்சை. 2021 யூரோ கோப்பையில் முழங்கால். விங்கருக்கு முழு வேகத்தில் ஓடுவதுதான் பிழைப்பு. தொடை எப்போது பிடிக்குமோ என்கிற பயத்தோடு ஓடுகிறவனிடம் போய் ‘ஏன் சரியாக கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்து) போடவில்லை’ என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அவர் உணவு, தூக்கம், நேரத்துக்கு வருவது பற்றியெல்லாம் அப்போது நிறையப் புகார் வந்தது. அதில் அவர் பங்கும் இருந்தது.

ஆனால் திருப்பம் பார்சிலோனாவிலேயே தொடங்கிவிட்டது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022 ஜனவரியில் ஒப்பந்தத் தகராறில் கிளப் நிர்வாகம் அவரை வெளியே போகச் சொன்னது, சொந்த ரசிகர்களே விசிலடித்தார்கள். பயிற்சியாளர் சாவி அவரை விடவில்லை, ஆட வைத்தார். அந்த சீசன் முடியும்போது ஸ்பானிஷ் லீக்கில் கோலுக்கு அதிகமுறை பந்து எடுத்துக்கொடுத்தவர் டெம்பேலே, 13 முறை.

லூயிஸ் என்ரிக்கே அதற்கு மேல் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, தள்ளிவைத்தார். 2024 அக்டோபரில் ஆர்சனலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் மாட்சுக்கு டெம்பேலேயை அழைத்துப் போகவே இல்லை. அணிக்கான கடமையைச் செய்யாதவன் ஆடத் தயாராக இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பி.எஸ்.ஜி அந்த மாட்சில் 2-0 என்று தோற்றது, அதற்கும் அவர் தலைமேல்தான் இடி விழுந்தது, மனுஷன் அசையவில்லை. இன்னொன்று, இரண்டு மாதம் கழித்து அதே ஆளைக் கோட்டோரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். தண்டித்தவனையே அணியின் மையத்தில் நிறுத்துவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். முந்தைய சீசனில் 6 கோல் போட்டவர் அந்த 2024-25 சீசனில் 35 போட்டார். ஜனவரி கடைசியில் ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக மூன்று, அடுத்த மாட்சிலேயே பிரெஸ்டுக்கு எதிராக மூன்று.

எனக்கு அந்தக் கோல்களைவிட 2025 மே 31 மியூனிக் இறுதியில் பார்த்த ஒரு காட்சிதான் கண்ணுக்குள் நிற்கிறது. இன்டர் மிலான் கோல்கீப்பர் சோமர் கோல்கிக் எடுக்கத் தயாராகிறார். பாக்ஸின் விளிம்பில் டெம்பேலே உடம்பை முன்னால் சாய்த்து, ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, கண்ணை எடுக்காமல் சோமரையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். பி.எஸ்.ஜி 5-0 என்று ஜெயித்த அந்த மாட்சில் அவர் கோல் போடவில்லை. ஆனாலும் அவர் அழுத்தம் கொடுத்த விதத்துக்காகவே பாலோன் தோரை அவருக்குத் தருவேன் என்கிற பொருளில் என்ரிக்கே பேசினார். செப்டம்பரில் அது நடந்தும்விட்டது.

இடது கால் பையனை இடது பக்கம் ஆட வைப்பதா, வலது பக்கமா? இப்போது எல்லாப் பயிற்சியாளர்களும் எதிர்ப் பக்கத்தில்தான் போடுகிறார்கள்.
– வாசகர், திருச்சி

எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காகப் போடாதீர்கள். இடது காலன் வலது பக்கம் நின்றால் உள்ளே வெட்டி வந்து ஷாட் அடிக்கலாம், ஆர்யென் ராபென் ஆயுசு முழுக்க அந்த ஒரே காரியத்தைச் செய்தார், எல்லோருக்கும் தெரிந்தும் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் அவன் உள்ளே வந்தால் வெளியே யார் ஓடுவது? அந்தப் பக்கத்து ஃபுல்பேக் (ஓரத் தடுப்பாட்டக்காரன்) ஓடக்கூடியவனாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். ஃபுல்பேக் நகராத ஆள் என்றால் எதிரணிக்கு வேலை சுலபம், உள்ளே மட்டும் மூடினால் போதும், உங்கள் விங்கர் இரண்டு பேருக்கு நடுவில் போய் முட்டிக்கொண்டு நிற்பான்.

ராஃபின்யாவைப் பாருங்கள். இடது காலர். லீட்ஸிலும் பிறகு பார்சிலோனாவிலும் பெரும்பாலும் வலது பக்கம்தான். பார்சிலோனாவில் முதல் இரண்டு சீசனும் பத்துப் பத்து கோல், விற்றுவிடலாம் என்கிற பேச்சு, அவரே கிளம்பிவிடலாமா என்று யோசித்த நேரம். 2024-இல் ஹான்சி ஃபிளிக் பயிற்சியாளராக வந்தபோது வலது பக்கம் லமின் யமாலுக்கு என்று ஆகிவிட்டிருந்தது. ராஃபின்யாவை இடது பக்கம் மாற்றினார், ஆனால் கோட்டைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. கோட்டோரத்தை பால்டே என்கிற ஃபுல்பேக் பார்த்துக்கொள்வார், நீ உள்ளே நின்று டிஃபெண்டர்களுக்குப் பின்னால் ஓடு. அந்த சீசனில் 34 கோல், அதில் சாம்பியன்ஸ் லீக்கில் மட்டும் 13. வலதா இடதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்க, அங்கே உண்மையில் மாறியது அவர் பந்துக்காக நிற்பதை விட்டுவிட்டுப் பந்து வரப்போகிற இடத்துக்கு ஓட ஆரம்பித்ததுதான்.

என் மகனுக்கு 14 வயது, கிளப் அணியில் ரைட் விங். மூன்று மாட்சாக பெஞ்சில்தான் உட்கார வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. நான் என்ன சொல்ல வேண்டும்?
– ஒரு தாய், கோவை

அம்மா, மாட்ச் முடிந்து வண்டியில் வீட்டுக்கு வரும் அந்த அரை மணி நேரத்தில் கால்பந்து பற்றி ஒன்றுமே சொல்லாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், வழியில் ஏதாவது வாங்கிக் கொடுங்கள். அவன் மனதுக்குள் அந்த மாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், நாம் அதன் மேல் பேசினால் அவன் இன்னும் உள்ளே போய்விடுவான். பேச வேண்டும் என்று தோன்றினால் அவனே ஆரம்பிப்பான், அன்றைக்கில்லை என்றால் மறுநாள் சாப்பிடும்போது.

2016 யூரோ கோப்பை நடந்தபோது ரஹீம் ஸ்டெர்லிங்குக்கு வயது 21. இங்கிலாந்து ரசிகர்கள் அவரைக் கண்டாலே கூச்சல் போட்டார்கள், அவரே இன்ஸ்டாகிராமில் தன்னை ‘வெறுக்கப்படுகிறவன்’ என்று எழுதும் அளவுக்கு. அந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. மான்செஸ்டர் சிட்டிக்குப் பயிற்சியாளராக வரவிருந்த பெப் குவார்டியோலா. அதுவரை அவர் கீழ் ஒரு நாள்கூட ஸ்டெர்லிங் பயிற்சி எடுத்ததில்லை. உன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, உன் பக்கம் நிற்பேன் என்றாராம். முதல் சீசனில் லீக்கில் 7 கோல்தான், அடுத்த சீசனில் 18, அதற்கடுத்து 17. அதற்குள் எவ்வளவோ நுணுக்கமான வேலை நடந்தது, உதவிப் பயிற்சியாளர் அர்டேட்டா அவரோடு கோல் அடிக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்தார், பந்தை வாங்கும்போது உடம்பை எப்படித் திருப்பி வைப்பது, தூரத்துக் கம்பத்துக்கு எப்போது ஓடிவருவது என்று. ஆனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த போன் இருந்தது.

உங்கள் மகனின் பயிற்சியாளரிடம் நீங்கள் போய் ‘ஏன் ஆட வைக்கவில்லை’ என்று கேட்க வேண்டாம். மகனையே அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “சார், அடுத்த இரண்டு வாரத்தில் நான் எதைச் சரி செய்தால் என்னை இறக்குவீர்கள்?” நல்ல பயிற்சியாளர் என்றால் பதில் சொல்வார். பதில் கிடைத்தால் பையனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிடும். பதிலே வரவில்லை என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். இன்னொன்று, அவன் ஆடும்போது கோட்டோரம் நின்று “அடி! ஓடு! பாஸ் பண்ணு!” என்று யாராவது கத்தினால் (பெரும்பாலும் அப்பாக்கள்தான்) தயவுசெய்து தடுங்கள். விங்கர்தான் கூட்டத்துக்கு மிக அருகில் ஆடுகிறவன், எல்லாம் அவன் காதில்தான் விழும்.

வேகம் இருக்கிறது, ஆளைத் தாண்டிவிடுகிறேன், ஆனால் என் கிராஸ் ஒன்றுகூட ஸ்ட்ரைக்கருக்குப் போவதில்லை. கோச் திட்டுகிறார்.
– 17 வயது வீரர், தூத்துக்குடி

தம்பி, கிராஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முந்தைய தொடுதலில். முழு வேகத்தில் ஓடிவருகிறாய், பந்து காலுக்கு அடியிலேயே இருக்கிறது, அப்படியே அடிக்கிறாய், ஒன்று முதல் டிஃபெண்டர் காலில் பட்டுத் திரும்பும், இல்லையென்றால் கோலுக்குப் பின்னால் போகும். அடிப்பதற்கு முந்தைய தட்டைக் கொஞ்சம் பெரிதாக, உடம்பிலிருந்து சற்று விலக்கி வை. பந்து ஒரு அடி முன்னால் உருளும் அந்த நொடியில் தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் கிடைக்கும். அந்தக் கணம் ஓட்டத்தைக் கொஞ்சம் குறை. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் செய்யப் பார்ப்பதுதான் வேகமான பையன்களுக்கு வரும் வினை.

உயரமாகத் தூக்கிப் போடுவதைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. கோல் கோடு வரைக்கும் போய்விட்டால் பந்தைத் தரையோடு பின்னால் இழுத்துக் கொடு, பெனால்டி புள்ளியை நோக்கி. டிஃபெண்டர்கள் எல்லோரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வரும் பந்தை அவர்களால் திரும்பி எடுக்க முடியாது. உன் ஸ்ட்ரைக்கரோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்: நான் கோட்டைத் தொட்டால் நீ முதல் கம்பத்துக்கு ஓடு, பின்னால் வருகிறவன் புள்ளியில் நிற்கட்டும். ஆளைத் தேடாதே, இடத்துக்கு அடி. அங்கே வந்து சேர்வது அவர்கள் வேலை. பயிற்சி முடிந்ததும் தினமும் 30 பந்து, ஓடிவந்து, இரண்டு காலிலும். நின்ற இடத்திலிருந்து அடித்துப் பழகினால் மாட்சில் உதவாது.

ஸ்டெப்-ஓவர், எலாஸ்டிகோ எல்லாம் யூடியூபில் பார்த்துப் பழகுகிறேன். எத்தனை வித்தை தெரிந்திருக்க வேண்டும்?
– பள்ளி மாணவர், செங்கல்பட்டு

இரண்டு போதும். ஒன்று வெளியே போக, ஒன்று உள்ளே வர. தூக்கத்தில் எழுப்பினாலும் செய்கிற அளவுக்கு அந்த இரண்டையும் பழகு. 2022 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக வினிசியஸ் ஃபெர்னாண்டின்யோவைத் தாண்டியதைத் தேடிப் பார். பந்தைத் தொடவே இல்லை. தொடப்போவது மாதிரி உடம்பைக் காட்டிவிட்டுப் பந்தை ஓட விட்டார், அப்படியே பாதி மைதானம் ஓடிப்போய் கோல்.

ஆஸ்டன் வில்லாவில் துள்ளி விளையாடிய கிரீலிஷ் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததும் ஏன் ஆளைத் தாண்டுவதையே விட்டுவிட்டார்?
– வாசகர், சிங்கப்பூர்

விடச் சொன்னார்கள், விட்டார். 2021-இல் 10 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஆளிடம் குவார்டியோலா கேட்டது, பந்தை இழக்காதே, கோட்டோரம் பிடித்து நிறுத்து, இரண்டு டிஃபெண்டர்களை உன்னிடம் இழு, மற்றவர்கள் மேலே வந்து சேரட்டும் என்பது. 2022-23-இல் அந்த அணி மூன்று கோப்பை வென்றபோது அதில் அவர் பங்கு பெரிது. கோல் கணக்கை மட்டும் பார்த்துத் தோல்வி என்று எழுதியவர்கள் பயிற்சியாளர் அவரிடம் என்ன கேட்டார் என்பதைப் பார்க்கவில்லை. ரசிகனாக எனக்கு என்னவோ வில்லா கிரீலிஷைத்தான் பிடிக்கும், சாக்ஸைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு யாரையும் எதிர்கொண்டு போகிற அந்த ஆளை. ஒரு விங்கரிடமிருந்து சிறந்ததை எடுப்பது என்றால் எதை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவரையும் உட்கார வைத்து.

விங்கராகச் சோபிக்காதவனை விங்-பேக்காக (ஓரம் முழுக்க ஓடித் தடுக்கவும் தாக்கவும் செய்கிறவன்) மாற்றுவது தண்டனை மாதிரி ஆகிவிடாதா?
– அகாடமி பயிற்சியாளர், சென்னை

சொல்லும் விதத்தைப் பொறுத்தது. நம் கன்னியாகுமரிக்காரர் மைக்கேல் சூசைராஜ் விங்கராகப் பேர் வாங்கியவர். 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) சீசனில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே-யின் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது விங்-பேக்காக ஆட வைத்தார், அந்த வருஷம் ஏ.டி.கே கோப்பையும் வென்றது. அந்த இடத்திலிருந்து பந்து எப்போதும் முன்னால் இருக்கும், ஓடிக்கொண்டே வாங்கலாம், முதுகு காட்டி மாட்டிக்கொள்ளும் தொல்லை குறைவு. முதல் பதிலில் சொன்ன நோட்டுக் கணக்கில் ‘ஓடிக்கொண்டே வாங்கினான்’ என்கிற பக்கம்தான் நிறையும். ஓட மூச்சு இருக்கிற, தடுக்கவும் மனமுள்ள பையனுக்கு இது நல்ல இடம். தடுப்பாட்டமே ஒத்துவராத பையனை அங்கே போட்டால் இரண்டு பக்கமும் கெடும், அதற்குப் பதில் டெம்பேலே மாதிரி உள்ளே நகர்த்திப் பாருங்கள்.

எவ்வளவு செய்தும் வரவில்லை என்றால்? எப்போது கைவிடுவது?
– உள்ளூர் கிளப் செயலாளர், புதுச்சேரி

இந்த அணியில் சரிப்படவில்லை என்று ஒரு சீசன் முடிவில் ஒத்துக்கொள்ளலாம், தப்பில்லை. முகமது சலா 2014 ஜனவரியில் செல்சிக்கு வந்தார், லீக்கில் 13 மாட்ச், 2 கோல். ஒரு வருஷத்தில் இத்தாலிக்கு, முதலில் ஃபியோரென்டினா, அப்புறம் ரோமா. 2017-இல் லிவர்பூல் அவரை வாங்கியபோது செல்சியில் தோற்றவர்தானே என்று பேசினார்கள். அந்த முதல் சீசனிலேயே லீக்கில் 32 கோல் போட்டார், 38 மாட்ச் சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு போட்டதில்லை.

ஆகவே அனுப்புவதானால் மரியாதையாக அனுப்புங்கள். கடைசி மாட்சுக்கு அப்புறம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நீக்குகிற வேலை வேண்டாம். பையனையும் வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் ஆட்டத்துக்கு உன் ஆட்டம் பொருந்தவில்லை, உன்னிடம் இன்னது நன்றாக இருக்கிறது, இன்ன மாதிரி ஆடுகிற கிளப்பைத் தேடு என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த கிளப்புக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள்.

(உடற்கல்வி ஆசிரியர் சாருக்கு: அந்த நோட்டுக் கணக்கை இரண்டு மாட்சுக்கு எடுத்து எனக்கு எழுதுங்கள். லெஃப்ட் பேக் எந்தக் காலன் என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் உதவியாக இருக்கும்.)